பாஸ்கல் அண்ணனின் சுவர்

திண்டுக்கல் கடைவீதியில் வியாகுலம்மாள் அக்காவை மிஞ்சிய சுத்தக்காரி கிடையாது. தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பெரிய மனுஷர் யாராவது வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டுத்தான் மறுவேலை. கிறிஸ்துமஸுக்கு வேறு வருஷா வருஷம் ஒரு தடவை. பக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் எனக்குப் பாதிப் பிழைப்பு அவரால்தான்.

வீடு நூறு வருஷத்துக்கு மேலான சுண்ணாம்புக் காரைக் கட்டடம். போன மழையில் மாடி உத்தரம் ஒன்று விரிசல் விட்டது. சரிசெய்ய வசதியில்லை. பழைய கடைவீதிக் கட்டடங்களைப் பழையபடியே புதுப்பிக்க மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டார். கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டுச் செம்பட்டியில் மகள் அனிஷா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்கா வீட்டுக்காரர் பாஸ்கல் அண்ணனுக்கு அதை நினைத்தாலே சோறு இறங்காது. பத்து வருஷமாக அவருக்குப் பார்வை இல்லை. அந்த வீட்டுக்குள் மட்டும்தான் தடியில்லாமல் நடப்பார்.

எப்படி என்றால், நடைச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு அக்கா பெயின்ட் அடிக்க விடுவதில்லை. அண்ணன் அதைத் தடவிக்கொண்டேதான் போவார். பள்ளம் தட்டுப்பட்டால் அடுப்படி, கீறல் தட்டுப்பட்டால் மாடிப்படி. பெயின்ட் அடித்தால் பள்ளம் தூர்ந்துவிடுமே.

மானியத்துக்காக வீட்டைப் பார்வையிட ஆள் வருகிறது என்று கடிதம் வந்தது. அக்கா என்ன செய்திருப்பார்? முந்தின நாளே வீடு முழுக்க ரோஸ் எமல்ஷன். விற்ற பாவி நான்தான். அந்த அழுக்குப் பட்டை மட்டும் கண்ணில் படாமலிருக்க, அதன்மேல் வரிசையாகக் காலண்டர்களை மாட்டிவிட்டார்.

வந்தது கீர்த்தனா என்ற பெண், கட்டடக்கலை படித்தவர். வாசலிலேயே அவருக்கு முகம் வாடிவிட்டது.

“அம்மா, நாங்க பழைய பூச்சத் தேடித்தான் வந்தோம். எல்லாத்தையும் மூடிட்டீங்களே. நான் எத வச்சு எழுதுறது?”

அக்கா பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த அண்ணன் வழக்கம்போல் சுவரில் கை வைத்தார். காலண்டர்கள் ஒவ்வொன்றாகப் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

“ஏ வியாகுலம், எவன்டி என் செவுத்துல இம்புட்டுக் காலண்டரத் தொங்கவிட்டது?”

கீர்த்தனா குனிந்து அந்தப் பட்டையைப் பார்த்தார். கை பட்டுப் பட்டுக் கண்ணாடியாக மின்னியது.

“இதுதாம்மா அசல் சுண்ணாம்புப் பூச்சு! இதே கலவையில முகப்பையும் பூசிரலாம்.”

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் ஒப்புதல் வந்தது, கூடவே ஒரு நிபந்தனையும்: நடைச் சுவரின் அசல் பூச்சை யாரும் கையால் தொடக்கூடாது. அக்கா கடிதத்தோடு நேரே கீர்த்தனாவிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

“அவரு தடவக்கூடாத வீடு எங்களுக்கு எதுக்குத் தாயி? மானியமே வேணாம். செம்பட்டிக்கே போறோம்.”

கீர்த்தனா கடிதத்தை இரண்டு முறை படித்தார். “மேல பேசிட்டு வாரேம்மா” என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போது உத்தரம் புதுசு. ரோஸ் போய் முகப்பெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. எனக்கு வியாபாரம் போயிற்று, ஆனாலும் அந்த வீட்டைப் பார்க்கையில் மனசு நிறைகிறது. நடையில் சின்னதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களை எல்லாம் அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, சுவரில் கை வைத்தபடி அண்ணன் கேட்டுக்கொண்டு நிற்பார்.

“பழைமையான பூச்சு. திரு. பாஸ்கல் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.”