வெள்ளவத்தையில் உப்பில்லாத சோறு

ஒரு காலை வேலைக்குப் புறப்படும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை. கணுக்கால் வீங்கியிருந்தது, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. களைப்பு என்று நினைத்து, வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்போது எனக்கு ஐம்பது வயது. மணமாகவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் அலுவலகத்தில் வேலை. வெள்ளவத்தையில் வாடகை அறை. அறையில் சமைக்கக்கூடாது என்பது வீட்டுக்கார அம்மாவின் நிபந்தனை.

வீக்கம் வற்றாததால் டொக்டரிடம் போனேன். இரத்த அழுத்தம் கூடியிருந்தது. சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது (இரத்தத்தில் நிற்கவேண்டிய சத்தைப் பழுதான சிறுநீரகம் வெளியே விட்டுவிடுகிறது).

“வெளியில சாப்பிடுறனீங்களோ?”

“ஓம் டொக்டர், மூண்டு நேரமும்.”

“உப்பைக் குறைக்காட்டி மருந்து மட்டும் காணாது. டயலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தமாக்குவது) வரைக்கும் போகலாம்.”

அன்று மாலை வழக்கமான சாப்பாட்டுக் கடையில் முதலாளியிடம் கேட்டேன்: “தம்பி, உப்புக் குறைவா ஏதும் இருக்கோ?”

“எல்லாத்துக்கும் போட்டாச்சு அக்கா. உப்பில்லாட்டி ஆர் சாப்பிடுறது?”

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இடியப்பத்துக்குச் சம்பலைத் தவிர்த்தேன், தேங்காய்ப்பால் சொதியில் உப்பு. குளிரூட்டிய உணவகம் ஒன்றில் சலாட் கேட்டேன். மேலே ஊற்றித் தந்ததில் உப்பு. கடைசியில் பேக்கரிப் பாணும் வாழைப்பழமும். பாணிலும் உப்பு உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. பசி பொறுக்காத நாட்களில் கொத்துரொட்டியும் சாப்பிட்டேன்.

ஒரு நாள் பஸ்ஸிலேயே மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. வார்டில் அனுமதித்தார்கள்.

பார்வையாளர் நேரத்தில் மற்றக் கட்டில்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டிகள் வரும். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன். லண்டனிலிருந்து அண்ணா தொலைபேசியில் எடுத்தார்.

“ஆரையும் பிடிச்சுச் சமைப்பிக்கலாமே?”

“அறையில அடுப்பு வைக்க விடமாட்டினம் அண்ணா.”

“அப்ப கவனமா இரு,” என்றார்.

வீடு திரும்பியதும் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன்: “ஒரு ரைஸ் குக்கர் மட்டும் அம்மா. இல்லாட்டி நான் வேற அறை பாக்கவேணும்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “மீன் வாசம் மட்டும் வரக்கூடாது பிள்ளை.”

சோறு, அவித்த பூசணி, தேசிக்காய் (எலுமிச்சை), மிளகு. முதலில் எதற்கும் ருசியில்லை. மெல்ல மெல்லப் புரதம் போவது குறைந்தது. “இப்படியே பிடிச்சுக்கொள்ளுங்கோ,” என்றார் டொக்டர்.

கடையில் யாரோடும் நான் பெரிதாகக் கதைத்ததில்லை. அந்த இரைச்சலும் ஒரு துணைதான் என்பது அறையில் தனியே சாப்பிடத் தொடங்கிய பின்புதான் தெரிந்தது. சாப்பாடு சட்டென்று முடிந்துவிடும். மாலை முடியாது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வெளியில் சாப்பிட நேர்ந்தால் வெறும் சோறும் தயிரும் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டேன்.

பிறகு அலுவலகத் தோழி ஒருத்தியின் மகளின் கலியாணம் வந்தது. பந்தியில் இருந்தேன். கத்தரிக்காய்க் குழம்பு, எத்தனையோ மாதமாக ஏங்கியது. ஒரு விரல்நுனி மட்டும் என்று தொட்டு நாக்கில் வைத்தேன். கடல்நீர் போலக் கரித்தது.

“என்ன அக்கா, கறி சரியில்லையோ?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“நல்லாயிருக்கு.”

சுற்றி எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுகமானதும் பழையபடி சாப்பிடலாம் என்றுதான் அதுவரை பொறுத்திருந்தேன். பழைய நாக்கு எப்போது போனதென்று எனக்கே தெரியவில்லை. சோற்றில் தயிரை விட்டுப் பிசைந்தேன். பந்தி எழும்பும்வரை மெதுவாகச் சாப்பிட்டேன்.