சிவப்புக் கண் பல்லி

சல்லி என்ற கடற்கரை ஊரில் அக்கா வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஒரு வெள்ளைச் சவர்க்காரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு பல்லி. அக்கா பெற்ற பல்லி என்றுதான் நான் சொல்வேன்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. கைபேசியில் யாரோ செய்து காட்டுவதைப் பார்த்து, பிள்ளைகளின் உடைந்த விளையாட்டுக் கார்களைக் கழற்றி, ஈயம் உருக்கி ஒட்டப் பழகினாள். கைதட்டினால் எரியும் சாமி விளக்கு, திறந்தால் குயில் போலக் கூவும் அலுமாரி என்று வீடு முழுக்க ஏதாவது மின்னும், ஏதாவது கத்தும். குசினியில் கறி அடிப்பிடிக்கும். "உனக்கு வேற வேலை இல்லையே?" என்று கேட்பேன். "இருக்குது, இது முடியட்டும்" என்பாள், தலை நிமிராமலே.

அத்தானுக்கு நெஞ்சு வருத்தம் வந்தபோதுதான் அந்த விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது. இனிக் கடலுக்குப் போகவே கூடாது என்றார் டொக்டர். அத்தான் தலையாட்டினார், ஆட்டிவிட்டு, விடிவதற்கு முன்பே ரோச் லைட்டோடு தோணிக்குப் புறப்பட்டார். அக்கா அழுது பார்த்தாள், கதைக்காமல் இருந்து பார்த்தாள். "இந்த மனிசன் நான் சொல்லிக் கேளாது. பல்லி சொன்னாத்தான் கேட்கும்" என்றாள் ஒருநாள். உண்மைதான். காற்றுக்கும் மழைக்கும் அசையாத மனிதர், வெளிக்கிடும்போது பல்லி சொல்லிவிட்டால் திரும்பி வந்து கதிரையில் குந்திவிடுவார்.

முதலில் செய்த பல்லி மணிக்கூடு போல ஒரே சீராக அடித்தது. "பல்லி இப்பிடிக் கதைக்காது" என்று அக்காவே தள்ளிவிட்டாள். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பல்லிகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், ரோச் வெளிச்சம் பட்டதும் நாலைந்து தரம் 'இச் இச்' என்று சொல்லி, மெல்ல மெல்ல இழுத்து ஓயும்படி அமைத்துவிட்டாள். பகலில் வாயே திறக்காது. ஆனால் சொல்லும்போதெல்லாம் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எந்த ஊர்ப் பல்லிக்கு அக்கா கண் மின்னும்?"

"வேலை செய்யுதோ எண்டு படுக்கையில இருந்தே எனக்குத் தெரியவேணும். அவர் மேல பார்க்கமாட்டார்."

அத்தான் ஒவ்வொரு விடியலும் வாசல்வரை போனார், பல்லி சொன்னது, திரும்பி வந்தார். பிறகு கரையில் இருந்து கிழிந்த வலை பொத்தும் வேலையோடு நின்றுவிட்டார்; விடியலில் ரோச்சோடு வாசல்வரை போவதை மட்டும் விடவில்லை.

போன வருடம் அக்கா போய்விட்டாள். ஒரு தலையிடி, ஒரே நாள், அவ்வளவுதான். காவல் இருந்தவள் முந்திப் போய்விட்டாள் என்று எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அந்தப் பெட்டியின் பற்றரி என்றோ ஒருநாள் தீரும். அன்றைக்கு அத்தானை மறிக்க யார் இருக்கிறார்கள்?

போன மாதம் அங்கே தங்கியிருந்தேன். விடிவதற்கு முன் ரோச் வெளிச்சம் கண்டு விழித்தேன். அத்தான் வாசலில் நின்றார். பல்லி சொன்னது, ஈனக் குரலில், இரண்டே தரம். நான் பாயை விட்டு எழும்பினேன்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். பெட்டியின் மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, சட்டைப் பையிலிருந்து புதுப் பற்றரிகளை எடுத்துப் போட்டார். இறங்கும்போது என்னைக் கண்டுகொண்டார்.

"குரல் கம்மிப் போச்சு மச்சாள்."

"உங்களுக்கு எப்ப இருந்து தெரியும் அத்தான்?"

"முதல் நாளே தெரியும். எந்தப் பல்லிக்குக் கண் மின்னும்?"

அவர் ரோச்சை மேலே பிடித்தார். சிவப்புக் கண் மின்னியது; பல்லி நன்றாக, இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தது.

"ஓம், ஓம். போகேல்லை" என்றார், பெட்டியைப் பார்த்து. பிறகு ரோச்சை அணைத்து ஆணியில் மாட்டினார்.