எனக்காக அவள் சொன்ன பதில்கள்

இலங்கையில் சண்டை முடிந்த அந்த வருடம் கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்கு நேரம் திடீரென்று மலிந்துபோனது. அதற்கு முந்தைய மாதங்களில் வேலை விட்டால் வானொலி, வானொலி விட்டால் தொலைபேசி, இரண்டும் விட்டால் சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொடியோடு தெருவில் நிற்பது. பிறகு ஒன்றுமில்லை. பேக்கரியில் என்னோடு வேலை செய்த அண்ணை ஒருவர், "தம்பி, இவ்வளவு நாளும் செய்தி கேக்கிறதுதான் எனக்கு வேலை. பாண் சுடுறது பாட் டைம்" என்றார். சிரித்தோம். சிரித்துவிட்டு இரண்டு பேரும் மாவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டிலும் அதே கதைதான். வேலையால் வந்ததும் மோர்னிங்சைட் அடுக்குமாடி ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, கீழே கார்கள் வருவதையும் போவதையும் பார்த்தபடி இருப்பேன். யார் கோடு தாண்டி நிறுத்துகிறான் என்று பிழை பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். மனைவி என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். போதாததற்குத் தமிழ் வானொலியில் யாரோ மன அழுத்தம் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு டிப்ரஷன்."

"எனக்கு ஒரு கோதாரியுமில்லை. சும்மா சப்பெண்டு கிடக்கு."

"எல்லாரும் முதலிலை அப்பிடித்தான் சொல்லுவினமாம்."

இதற்கு மேல் என்ன வாயாடுவது? குடும்ப டொக்டரிடம் நேரம் எடுத்துவிட்டாள்.

எங்கள் ஆட்கள் டொக்டரிடம் போகும் முறை ஒன்று உண்டு. புருஷனுக்கு உடம்பில் ஏதும் வருத்தமென்றால் மனைவியும் உள்ளே வருவாள். வருத்தத்தை அவளே சொல்லுவாள். புருஷனுக்குச் சட்டையைத் தூக்கிக் காட்டுவதோடு வேலை முடிந்தது. டொக்டர் தமிழ்நாட்டுப் பெண், எங்களைப் பல வருடமாகத் தெரிந்தவர்.

"தூக்கம் எப்படி இருக்கு சார்?" என்று என்னைத்தான் கேட்டார்.

"இவருக்கு நித்திரையே இல்லை டொக்டர். விடிய விடியப் பிரளுறார்" என்றாள் மனைவி.

"அது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் முழிச்சுத்தானே கிடக்கிறன்."

டொக்டர் என்னைப் பார்த்தார். "நான் படுத்தா பாண் சுடுற போறணை வெடிச்சாலும் எழும்ப மாட்டன்" என்றேன். பிடித்தது ஏதாவது கிடைத்தால் சந்தோஷம் வருகிறதா என்று கேட்டார். கிரிக்கெட் என்றால் கதிரை நுனிக்கு வந்துவிடுவேன், ஆட்டிறைச்சிக் கறி என்றால் கதிரையில் இருக்கவே மாட்டேன் என்றேன். சிரித்துவிட்டார்.

"உங்களுக்கு போர் அடிக்குது சார். வேற ஏதாவது செய்யத் தேடுங்க. அப்பவும் சரியாகலைன்னா திரும்ப வாங்க." பிறகு கதிரையை மனைவி பக்கம் திருப்பினார். "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?"

"எனக்கென்ன? வேலைக்குப் போறன், வாறன், சமைக்கிறன்."

"சமைச்சதைச் சாப்பிடும்போது ருசி தெரியுதா?"

"உப்பு இவரைக் கேட்டுத்தான் போடுறன்" என்றாள்.

உண்மைதான். சில மாதமாகக் கறியைக் கரண்டியில் அள்ளி என் வாயருகே கொண்டுவருவாள். அன்பு என்று நினைத்துப் புது மாப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன். அன்பும்தான், அதில் சந்தேகமில்லை.

வன்னியில் இருந்த அவளுடைய தம்பியிடமிருந்து சண்டையின் கடைசி மாதங்களுக்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. டொக்டருக்கு அதைச் சொன்னது நான்தான். அவர் அவளிடம், "தம்பி பேர் என்னம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள். வீட்டில் நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லி எவ்வளவு காலமாகிவிட்டது! பிறகு அழத் தொடங்கினாள்.

அவளுக்கு மருந்து கொடுத்தார்கள். கிழமைக்கு ஒருமுறை மனநல ஆலோசகர் ஒருவரோடு இருந்து பேச ஒழுங்கு செய்தார்கள். சமையலை நான் எடுத்துக்கொண்டேன். என் சலிப்பு எங்கே போனதென்று தெரியாது, தேடிப்பார்க்க நேரமிருக்கவில்லை. அவளோ வைத்த இடத்தில் இருந்தாள். வெளியே போவோமா என்றால் "உங்கட விருப்பம்." தேத்தண்ணி போடவா என்றால் அதற்கும் "உங்கட விருப்பம்."

பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வீட்டுக்குள்ளையே அடைஞ்சு கிடந்து அலுத்துப்போச்சு. எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றாள்.

ஒருவர் அலுத்துப்போச்சு என்று சொல்லி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அலுத்துப்போனவருக்கு வேறு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அத்தனை மாதமும் அவளுக்கு ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் வாசலில் போய் நின்றேன்.

றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனோம். தம்பியின் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். அவனைப் பற்றித் தகவல் இன்றுவரை இல்லை. வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் என் கையைச் சுரண்டினாள்.

"அந்த மனிசியைப் பாருங்கோ. பட்டுச்சீலைக்கு மேலை பனிக்கோட்டு, காலிலை பூட்ஸ். பனி தள்ள வந்த பொம்பிளை மாப்பிள்ளை பாக்க நிக்கிற மாதிரி."

"மெதுவாச் சொல்லும், அவவுக்குக் கேக்கப்போகுது."

"கேக்கட்டும்" என்றாள்.