நெத்திலிக்காரிக்கு நன்றி சொல்லப் போன வழி

வால்வனேரா ஒரு வெள்ளிக்கிழமை தன் பாரைப் பூட்டிவிட்டுக் கடலோரம் போகப்போகிறாள் என்ற செய்தியை எங்கள் ஊர் துக்கச் செய்தியைப் போலத்தான் வாங்கிக்கொண்டது. தேவாலயத்து மணிக்கூண்டில் இடி விழுந்து பிளந்தபோதுகூட இத்தனை பேர் வந்து விசாரிக்கவில்லை. மணி அடிக்காமல் ஜெபம் நடந்துவிடும். வால்வனேரா இல்லாமல் காலைக் காப்பி எப்படி நடக்கும்?

எங்கள் ஊர் ஸ்பெயினின் ஒயின் நாடான ரியோஹாவில், ஆரோவுக்குப் பக்கத்தில், எப்ரோ ஆற்றைக் குனிந்து பார்த்தபடி இருக்கிறது. மூன்று பார், ஒரு தேவாலயம், மீதியெல்லாம் திராட்சை. மூன்றில் கடைசியாக, சரிவின் அடியில் இருப்பது வால்வனேராவுடையது. அறுபதைத் தாண்டியவள், நெடிய உருவம். வாழ்நாள் முழுக்க ஒயின் ஊற்றியவள், ஒரு சொட்டுக் குடிக்கமாட்டாள். ரியோஹாவில் இதை ஒழுக்கம் என்று யாரும் சொல்வதில்லை. ஏதோ உடம்புக் கோளாறு என்று இரக்கப்படுவார்கள். யாரையும் புகழவும் மாட்டாள். "நன்றி" என்ற சொல் அவள் வாயிலிருந்து வருவது மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது மட்டும்தான். அதுவும் சில்லறையைப் பார்த்துச் சொல்வதா, நம்மைப் பார்த்துச் சொல்வதா என்று தெரியாது.

அவள் கணவன் செலெதோனியோ பத்து வருடங்களுக்கு முன், கொடி கவாத்து செய்துகொண்டிருந்தபோது தோட்டத்திலேயே விழுந்து செத்துப்போனான். அடக்கம் முடிந்ததும் கடையைச் சாத்தினாள். வாரங்கள் போயின, கதவு திறக்கவில்லை. நாங்கள் போய்த் தட்டினோம். கொழுந்தன் எமெத்தேரியோ தட்டினான். பாதிரியார் தட்டினார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

கடைசியில் அவளை எழுப்பியது தொலைபேசி. சந்தோன்யா துறைமுகத்திலிருந்து அவளுக்கு உப்பு நெத்திலி அனுப்புகிற சின்னத் தொழிற்சாலை ஒன்று உண்டு. மாதக்கணக்கில் உப்பில் கிடந்த நெத்திலியைத் தோலுரித்து, முள்ளெடுத்து, எண்ணெய் டப்பாவில் அடுக்குகிற பெண்களில் அபரெசீதா என்று ஒருத்தி. ஆர்டர் வாங்கும் போனும் அவள் பொறுப்பு. வியாழக்கிழமைதோறும் வால்வனேரா கூப்பிடுவாள். அந்த வாரங்களில் அவள் கூப்பிடாததால் அபரெசீதாவே கூப்பிட்டாள்.

"என்னம்மா, நெத்திலி வேணாமா?"

"கடை இல்ல."

"ஏன்?"

"அவர் இல்ல."

மறுநாளும் போன் அடித்தது. "ஒரு உதவி வேணும். உங்க ஊர்ல சோரிசோத் தொத்திறைச்சி போட்டு உருளைக்கிழங்குக் குழம்பு வைப்பீங்களே, அது எப்படி?"

வால்வனேரா வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். உருளைக்கிழங்கை முழுசாக வெட்டக் கூடாது, கத்தியைப் பாதி இறக்கி மீதியை ஒடிக்க வேண்டும், அப்போதுதான் குழம்பு கெட்டிப்படும்.

"வாயால சொன்னா எனக்கு ஏறாதும்மா. நீ வை, நான் கேட்டுக்கறேன். போனை அடுப்புப் பக்கத்துல வச்சுக்க."

அன்றைக்குத்தான் அடுப்பு எரிந்தது. ஒருத்திக்கு மட்டும் சமைத்துப் பழகாத கை, பெரிய சட்டியைத்தான் ஏற்றியது. அத்தனையையும் என்ன செய்வது என்று தெரியாமல் கதவைத் திறந்தாள். அதைச் சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். கடை அதற்குப் பிறகு மூடவில்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. கார் ஓட்டினால் இரண்டு மணி நேரம்கூட ஆகாத தூரம். ஆனால் கடையை விட்டு யார் நகர்வது, சந்தோன்யா எங்கே ஓடிவிடப்போகிறது என்று வருடங்கள் ஓடின. பிறகு இந்த அக்டோபரில், அறுவடை முடிந்து ஊரே திராட்சைச் சக்கை வாசத்தில் கிறங்கிக் கிடந்தபோது, ஒரு வியாழக்கிழமை அபரெசீதா சொன்னாள்: "அடுத்த வாரம் ஆர்டரை வேற யார்கிட்டயாவது சொல்லு. அடுத்த வாரம் சனிக்கிழமை காலைல எனக்கு பிளேன். தெற்க காதிஸ்ல மககிட்டயே போயிடறேன்."

வால்வனேரா போனை வைத்தாள். "அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்," என்றாள் எங்களிடம். "போன்ல சொல்ற வார்த்தை இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை போறேன்."

அவள் பேருந்தில் ஏறியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. வேன் வைத்திருக்கிற எமெத்தேரியோ, "நான் எதுக்கு இருக்கேன் அண்ணி?" என்று கேட்டுவிட்டான். அந்த நொடியிலிருந்து பயணம் அவள் கையை விட்டுப் போயிற்று.

எங்கள் கூட்டம் சாயங்காலங்களில் மேல்பாரில் ஆரம்பித்து நடுபாருக்கு இறங்கி, கடைசியில் வால்வனேரா கடையில் வந்து ஒதுங்கும். ஒவ்வொரு இடத்திலும் நின்றபடி ஒரு சின்னக் குவளை. எங்கள் ஊரில் எதைத் திட்டமிட்டாலும் இப்படி இறங்கிக்கொண்டேதான் திட்டமிடுவோம். மேல்பாரில் நேர்க்கோடாகக் கிளம்பும் வழி, அவள் கடைக்கு வந்து சேர்வதற்குள் நத்தை ஊர்ந்த தடம்போல ஆகிவிடும். கடையில் நிற்பதால் அவளால் எங்களோடு இறங்கி வர முடியாது. தன் பயணம் இன்றைக்கு எந்த வடிவத்தில் வருகிறது என்று கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

திங்கட்கிழமை, "நேரா பில்பாவ், அங்கேர்ந்து சந்தோன்யா," என்று வந்தோம். செவ்வாய்க்கிழமை வழியில் லபஸ்தீதா என்ற ஊரும் சேர்ந்துகொண்டது.

"அங்க நம்ம உறவுக்காரி காசில்தா இருக்கா அண்ணி," என்றான் எமெத்தேரியோ. "அவ வாசலைத் தாண்டிப் போயிட்டு உள்ள போகலைன்னு வை, நாளைக்கு ஒரு சாவுக்குக்கூட வரமாட்டா."

"உன் சாவுக்குத்தானே. வராட்டிப் போறா."

புதன்கிழமை மிராந்தாவும் ஓர்துன்யாவும் சேர்ந்தன. மிராந்தாவில் அவன் ஞானமகள் லெய்ரே. ஓர்துன்யாவில் அவனோடு பட்டாளத்தில் இருந்த சோமின். இதற்கு நடுவில் யார் வண்டி ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. மத்தியானச் சாப்பாட்டில் ஒயின் தொடாமல் இருப்பவர்தான் ஓட்ட முடியும். வேனில் அவளோடு போவதாக முடிவு செய்திருந்த எங்கள் கூட்டத்தார் எல்லோரிடமும் உரிமம் இருந்தது; தியாகம் செய்ய ஆள் இல்லை.

மருந்துக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற சக்ராரியோ இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு ஆலிவை வாயில் போட்டாள். "எமெத்தேரியோ, உங்க அண்ணன் தம்பிக்கு எந்தப் புனிதருங்க பேரை வச்சாங்க?"

"தெரியாத மாதிரி கேக்கற. கலாவோராவுல தலை வெட்டுப்பட்டாங்களே, அந்த ரெண்டு பேரு."

"வெட்டின தலைங்க எப்படி சந்தாந்தேருக்குப் போச்சாம்?"

"கல்லுப் படகுல. எப்ரோவுல இறங்கி, கிழக்குக் கடலுக்குப் போயி, ஸ்பெயினையே ஒரு சுத்து சுத்தி..."

"வடக்க இருக்கற ஊருக்குத் தெற்கு வழியா. சரிதான், அவங்களுக்கும் வழியில சொந்தக்காரங்க இருந்திருப்பாங்க. தலை மட்டும் இருந்ததால விருந்து சாப்பிடாம சீக்கிரம் போய்ச் சேர்ந்தாங்க. உனக்கு வயிறும் இருக்குதே."

எல்லோரும் சிரித்தோம். வால்வனேரா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமைதான் உண்மை வெளியே வந்தது. எங்கள் பக்கத்தில் "ஒருநாள் சாப்பிட வர்றோம்" என்பது வணக்கம் சொல்வதற்குச் சமம். சொன்னவரும் வரமாட்டார், கேட்டவரும் உலை வைக்கமாட்டார். அதோடு ஒரு கிழமையைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் அது சத்தியம். எமெத்தேரியோ மூன்று வீட்டுக்கும் கிழமையைச் சேர்த்தே சொல்லியிருந்தான். அதுவும் ஒரே கிழமை, ஒரே வேளை.

"ஒருத்தர்கிட்ட மட்டும் காலைல வர்றோம்னு எப்படிச் சொல்றது அண்ணி? காப்பிக்கு மட்டும்தான் லாயக்கான்னு கேப்பாங்க."

அன்று மத்தியானம் கடைப் போன் ஓயவில்லை. கொடிச் சுள்ளித் தணலில் சுடுகிற ஆட்டு விலாவை எவ்வளவு சிவக்கவிட வேண்டும் என்று காசில்தா கேட்டாள். அடுப்பில் வைக்கும் ஆட்டுக்குட்டியின் கால் பக்கமா, தோள் பக்கமா என்று லெய்ரே கேட்டாள். சோமின் எதையும் கேட்கவில்லை. "பீன்ஸை ஊறப் போட்டாச்சு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். ஊறப் போட்ட பீன்ஸுக்கு மேல் அப்பீல் கிடையாது.

எங்கள் பக்கத்தில் மத்தியானச் சாப்பாடு வெயில் சாயும்வரை போகும். அப்படி மூன்று சாப்பாடு முடித்துச் சந்தோன்யா போய்ச் சேர்ந்தால், அபரெசீதா காதிஸில் மகள் வீட்டுத் திரைச்சீலையை மாட்டிக்கொண்டிருப்பாள். வால்வனேரா கையிலிருந்த துணியை மேடையில் வைத்தாள். எமெத்தேரியோ திட்டு விழும் என்று காத்திருந்தான். விழவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை வேன் பக்கத்தில் வால்வனேரா கையை நீட்டினாள். "சாவி."

"அண்ணி, நீ ஓட்டி எவ்வளவு காலமாச்சு..."

"குடிக்காதவ நான் ஒருத்திதான். சாவி."

லபஸ்தீதாவில் காசில்தா வீட்டு வாசலில் நிறுத்தினாள்; எஞ்சினை அணைக்கவில்லை. காசில்தா ஏப்ரனைத் தட்டிக்கொண்டு வந்தாள். வால்வனேரா ஜன்னல் வழியாகவே பேசினாள்.

"காசில்தா, நாங்க சாப்பிட வரல. ஒருத்திக்கு நான் ஒரு நன்றி சொல்லணும், இத்தனை வருஷம் சொல்லல. நாளைக்கு அவ இருக்கமாட்டா. நீ கோவிச்சுக்கலாம், நியாயம்தான். இல்லன்னா கறியத் தூக்கிட்டு ஏறு."

காசில்தா எமெத்தேரியோவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் மீதியை அவன் இன்னும் அனுபவிக்கிறான். "எங்க போறீங்க?"

"கடலுக்கு."

"சுடறதுக்கு அங்க சுள்ளி இருக்குமா?"

"நெத்திலி இருக்கும்."

"அப்ப சுள்ளியையும் எடுத்துக்கறேன்," என்று உள்ளே போனாள். அவளும் அவள் கணவனும் தங்கள் காரில் பின்னால் வந்தார்கள்.

மிராந்தாவிலும் அதே வார்த்தைதான். லெய்ரே அடுப்பிலிருந்த மண்சட்டியைக் கம்பளியில் சுற்றி, தங்கள் காரின் பிள்ளை இருக்கையில் வைத்து பெல்ட் போட்டாள். பிள்ளை மடிக்குப் போனது. ஓர்துன்யாவில் சோமின் மட்டும் கொஞ்சம் யோசித்தான்.

"கொதிச்ச பீன்ஸு ஆடக் கூடாது," என்றான்.

"மெதுவா வா," என்றாள் வால்வனேரா.

பீன்ஸுக்காக நாங்கள் எல்லோருமே மெதுவாகப் போனோம். பில்பாவைச் சுற்றும் நெடுஞ்சாலையில், பின்னால் வந்த லாரிகள் எங்களைச் சவ ஊர்வலம் என்று நினைத்து ஹாரன் அடிக்காமல் விட்டன. ஒயின் பாதை, கடல் பாதை என்று சுற்றுலாத் துறை அச்சடித்த வழுவழுப்பான காகிதத்தை எமெத்தேரியோ கொண்டுவந்திருந்தான். அதில் போட்டிருந்த மாளிகை எதையும் நாங்கள் பார்க்கவில்லை. இடதுபக்கம் மலை, வலதுபக்கம் கடல், முன்பக்கம் வால்வனேராவின் பின்கழுத்து. அது சந்தோன்யா வரை திரும்பவே இல்லை.

போனில் கேட்ட குரலை வைத்து நாங்கள் அபரெசீதாவுக்கு ஆள் உயரமும் அகலமும் கொடுத்து வைத்திருந்தோம். கதவைத் திறந்தவள் வால்வனேராவின் தோளுக்குக்கூட வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அபரெசீதாவின் கண் வால்வனேராவைத் தாண்டிப் படிக்கட்டில் சட்டியோடு நின்ற கூட்டத்துக்குப் போனது.

"யாரு இவங்கல்லாம்?"

"வழியில ஏறிட்டாங்க."

"என்கிட்ட தட்டே இல்லயே. எல்லாத்தையும் கட்டி அனுப்பிட்டேன்."

தட்டுகள் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்தன. தட்டோடு தட்டுக்காரர்களும் வந்தார்கள். நெத்திலி அடுக்கும் பெண்கள் வேலை முடிந்து வெள்ளை பூட்ஸோடு வந்து, டப்பாவில் போகாத உடைந்த நெத்திலியை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தார்கள். கட்டடத்துப் பின்முற்றத்தில் காசில்தா தணல் போட்டாள். ஓர்துன்யா பீன்ஸ் ஆடாமல் வந்து சேர்ந்திருந்தது. என் வாழ்க்கையில் நன்றியோடு நினைக்கிற சாப்பாடுகள் சில உண்டு. அதில் இதற்கு மேல் இன்னும் எதையும் வைக்கவில்லை.

வெயில் சாய்ந்தது. வால்வனேரா பரிமாறினாள், நகர்ந்தாள், யார் தட்டு காலி என்று பார்த்தாள். சொல்ல வந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எமெத்தேரியோ முள்ளின்மேல் உட்கார்ந்தவன்போல நெளிந்தான். "சொல்லாமலே கிளம்பிடுவாளோ?" என்று என் காதில் முணுமுணுத்தான். சக்ராரியோ அவனைக் கிள்ளினாள்.

கடைசியில் இரவல் தட்டுகளைக் கழுவித் திருப்பித் தர வேண்டியிருந்தது. அபரெசீதா கழுவ, வால்வனேரா துடைக்க, இருவரும் சமையலறையில் இருந்தார்கள். நாகரிகம் கருதி நாங்கள் ஜன்னலை விட்டுத் தள்ளி நின்றோம்; கேட்கிற அளவுக்குத் தள்ளி.

"அன்னிக்கு நீ கூப்பிடலன்னா," என்றாள் வால்வனேரா, "நான் எழுந்திருக்கவே மாட்டேன். கடையும் இல்ல, நானும் இல்ல. நன்றி, அபரெசீதா."

அபரெசீதா ஒரு தட்டைக் கழுவி அவளிடம் நீட்டினாள்.

"மொத நாள் மானேஜர் சொல்லித்தான் கூப்பிட்டேன்," என்றாள் அபரெசீதா. "அந்த நன்றியை அவருக்கு அனுப்பு."

"ரெண்டாவது நாள்? குழம்புக்கா?"

"எங்கம்மா உங்க பக்கத்து நஹேராக்காரிடீ. அந்தக் குழம்பு எனக்குச் சின்ன வயசுலயே அத்துப்படி."

"அப்புறம் எதுக்குக் கேட்ட?"

"வேற என்ன கேக்கறது? உன் புருஷனை எனக்குத் தெரியாது. உன்னையும் தெரியாது. அடுப்பு எரியற வீட்டுல ஆளு எப்படியும் எழுந்து நடமாடும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

வெகுநேரம் கழித்து வால்வனேரா வெளியே வந்தாள். முகம் ஈரமாக இருந்தது. வெந்நீர் ஆவி என்று நாங்கள் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்துகொண்டோம்.

"சொல்லிட்டியா அண்ணி?" என்று கேட்டான் எமெத்தேரியோ, ஒன்றும் தெரியாதவன்போல.

"சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"தட்டுல ஈரம் போகல, நல்லாத் துடைன்னா," என்று சொல்லிவிட்டு, வேறு துணி எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.