செங்கடலிலிருந்து வந்த குரல்

போன மழைக்காலத்தில் என் கணவர் ஸ்டீபன் ஒரு சரக்குக் கப்பலில் செங்கடலில் இருந்தார். அந்த வழியாகப் போகிற கப்பல்களைக் குறிவைத்து அடிக்கிறார்கள் என்று தினமும் செய்தி வந்துகொண்டிருந்த நேரம். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய அண்டாவைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே புறப்பட்டுப் போன மனிதர் அவர். நான் ஜெயராணி, இலங்கையில் நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஆண்டவரிடமும் அப்படித்தான்.

கப்பலிலிருந்து பேச முடியாது, போனுக்கு எழுத்து மட்டும்தான் வரும். அதிலும் எங்களுக்கு ஒரு சிக்கல். அவர் படித்தது சிங்களப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவார், எழுத வராது. நான் படித்தது தமிழில். சிங்களம் கடகடவென்று பேசுவேன், எழுத்தைக் காட்டினால் முழிப்பேன். அதனால் அவர் தமிழைச் சிங்கள எழுத்தில் எழுதி அனுப்புவார்.

நாங்கள் குடியிருக்கிற லயத்து வீட்டு வரிசையில் சிக்னல் கிடையாது. வேலை முடிந்ததும் பஸ் ரோட்டில் இருக்கும் மெனிக்கே அக்காவின் கடைக்கு ஓடுவேன். அவர் சிங்களப் பெண், தமிழ் தெரியாது. ஆனாலும் என் போனை வாங்கி எழுத்துக் கூட்டி வாசிப்பார். அவருக்கு வெறும் சத்தம், எனக்கு என் கணவர்.

"கண்ண மூடுனா நம்ம லயத்துத் தகரத்துல மழ பெய்யுற சத்தந்தான் கேக்குது புள்ள. ஒங்கையால சுட்ட ரொட்டி திங்கணும்போல இருக்கு."

இதை அந்த அக்கா பாண் விலை சொல்கிற குரலில் வாசிப்பார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். நான் சொல்லச் சொல்லப் பதிலையும் அவரே தட்டுவார். புரியாதவரிடம் எனக்கு என்ன வெட்கம்? எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் அவரிடமிருந்து எழுத்து வருவது நின்றது. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் கடைத் தொலைக்காட்சியில் ஒரு கப்பல் எரிந்தது. மெனிக்கே அக்கா பாய்ந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். நான் பார்த்துவிட்டேன். வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. அவருடைய அம்மா, என் மாமி, சாப்பாட்டைத் தொடவில்லை. எனக்குக் கொழுந்து எது, முற்றிய இலை எது என்று தெரியவில்லை.

எங்கள் ஜெபவீட்டில் தரையில் விழுந்தேன். அழகான ஜெபம் எல்லாம் வரவில்லை. சண்டைதான் போட்டேன். "அன்னைக்கு ஒம்ம ஜனத்துக்கு அதே கடலப் பொளந்து வழி விட்டீரே ஆண்டவரே, எம் புருஷன் ஒருத்தருக்கு விடமாட்டீரா? அவரு கொரலையாச்சும் எனக்குக் கேக்க வையும்." அழுது ஓய்ந்ததும் எழுந்து மறுபடியும் கடைக்குப் போனேன்.

போன் சத்தம் போட்டது. தெரியாத எண், சிங்கள எழுத்து. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ரா... ணி. எங்க... கப்பல்ல... குண்டு... விழுந்து... தீ... புடிச்... சிருச்சு."

அந்த நேரம் பார்த்து ஒருவர் சீனி கேட்டு வந்தார். அக்காவுக்கு என்ன தெரியும்? போனை வைத்துவிட்டுத் தராசைப் பிடித்தார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"அக்கே! இத்துரு டிக்க கியவன்ன!" மிச்சத்தை வாசிக்கச் சொல்லி நான் கத்திய கத்தலில் சீனி கேட்டவரே பின்வாங்கிவிட்டார்.

"நாங்க... எல்லாரும்... படகுல... எறங்கி... தப்பிச்சிட்டோம். இப்ப... கரை... யில... இருக்கேன். அழாத... புள்ள."

நான் கடை வாசலிலேயே முழங்காலில் விழுந்தேன். "மொக்கத நங்கி?" என்னம்மா ஆயிற்று என்று அக்கா பதறினார். "ஏயா பேருனா, அக்கே," அவர் தப்பித்துவிட்டார் என்றேன். அக்கா தராசை விட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் தங்கள் புத்த விகாரையில் எங்களுக்காக விளக்கேற்றியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஸ்டீபன் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது இரத்தினபுரியில் ஒரு கராஜில் வேலை. முன்பு எனக்கு ஜெபம் என்றால் வாய் பாட்டுக்குச் சொல்லும், மனசு அடுப்பில் இருக்கும். இப்போது அப்படி இல்லை, ஆண்டவர் எதிரே உட்கார்ந்து கேட்கிறார் என்று தெரிந்துதான் வாயைத் திறக்கிறேன். அவருக்கே நன்றி.

என்னைப் போல போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற சகோதரிகளே, அவரிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். நான் என் கணவரின் குரலைக் கேட்டேன், ஆண்டவர் தமிழே தெரியாத ஒரு பெண்ணின் வாயில் அதை வைத்துக் கொடுத்தார்.