சுத்தம் செய்யாத சுறா

சந்திரகலா பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். படித்தவள்தான், முடித்தவள் இல்லை. இந்த வித்தியாசம் புகுந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'பி.எஸ்சி.' என்று தைரியமாக அச்சடித்தவர் அவளுடைய அப்பா. "ஒரு பிராக்டிகல்தானே பாக்கி, அடுத்த தடவ எழுதிட்டாப் போச்சு" என்றார். அடுத்த தடவை வந்தபோது மகள் ஓவியா வயிற்றில் இருந்தாள். மீன் வாசனை பட்டாலே குமட்டல். அப்புறம் எங்கே எழுதுவது?

கணவன் வேணு திருவண்ணாமலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். தங்கமான மனுஷன். ஒரே ஒரு கெட்ட பழக்கம், பெண்டாட்டியின் படிப்பைச் சொல்லிப் பெருமையடிப்பது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால் டாக்டரிடமே, "எங்க வீட்ல டிகிரி முடிச்சவங்க சார், அவங்களுக்கே எல்லாம் தெரியும்" என்பான். சந்திரகலாவுக்கு உடம்பே கூசிப்போகும்.

இந்த வருஷம் பழைய அரியர்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று அறிவிப்பு வந்தது. இதை விட்டால் இனி ஜென்மத்துக்கும் கிடையாது. வேணுவிடம் மூச்சுவிடாமல் விண்ணப்பித்தாள். ஜிலேபி மீனை அறுத்து உணவுப்பாதையைக் கிழியாமல் எடுத்துக்காட்ட வேண்டும். சுறாவின் உள்ளுறுப்புகளைப் பற்றிக் கேட்பார்கள். முதல் தடவை கத்தரிக்கோல் ஆழமாக இறங்கிக் குடல் கிழிந்துதான் அவள் தோற்றாள். படத்தைப் பார்த்துப் பார்த்து எத்தனை நாள் படிப்பது? கைக்கு ஒரு மீன் வேண்டாமா?

பரீட்சைக்கு முந்தின நாள் ஞாயிறு. பௌர்ணமியும் கழிந்துவிட்டது, வீட்டில் மீன் சமைக்கலாம். "ஏங்க, ஒரு ஜிலேபியும் சின்னதா ஒரு பால் சுறாவும் வாங்கிட்டு வாங்க" என்றாள். சுத்தம் பண்ண வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பான். அதனால் சொல்லவில்லை. எப்படியும் கடைக் கூட்டத்தில் நிற்கப் பொறுக்காமல் அப்படியே வாங்கி வருகிறவன்தானே!

வந்தான். பையை நீட்டும்போதே முகமெல்லாம் சிரிப்பு. "உனக்கு இன்னிக்கு வேலையே வெக்கல கலா. கியூவுல நின்னு தலை, குடல் எல்லாம் எடுத்து, துண்டு போட்டு வாங்கியாந்துட்டேன்."

பைக்குள் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பதறிப்போய் அவன் கேட்கக் கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சனே. ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள் சந்திரகலா. வாங்கிய மீன் வீணாகக் கூடாதே என்று குழம்பை மட்டும் வைத்தாள்.

ஒரு மணி நேரத்தில் ஆட்டோ சத்தம். வேணு இன்னொரு பையை அவள் முன் வைத்தான். முகம் இன்னும் இறுக்கம்தான். "கைய வெக்காம அப்படியே குடுன்னா, மீன்காரம்மா என்ன ஒரு மாதிரி பாக்குது."

பின்கட்டில் செய்தித்தாளை விரித்தாள். முதலில் சுறா. வயிற்றைத் திறந்ததும் வேணுவால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. "யம்மாடி, இத்தினி பெரிய ஈரலா?"

"சுறாவுக்குக் காத்துப்பை கிடையாதுங்க. இந்த ஈரல் பூரா எண்ணெய். அதான் முழுகிப் போகாம தாங்குது."

அடுத்தது ஜிலேபி. நூல் மாதிரிக் குடல், சுருள் சுருளாக. வேணு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கிழியாமல் வந்தது. "வந்துடுச்சு!" என்று அவன்தான் முதலில் கத்தினான்.

மறுநாள் காலை அவனுடைய ஆட்டோவிலேயே கல்லூரிக்குக் கிளம்பினாள். பேருந்து நிலையத்தில் ஆராயி ஏறினாள். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் வேணுவின் பெரியம்மா அவள். காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் சொந்தபந்தம் முழுக்கப் பரப்பிவிடுவாள்.

"எங்கடி, பையில வெள்ளக் கோட்டெல்லாம்?"

சந்திரகலா பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். வேணு திரும்பாமலே, "ஸ்கூல்ல டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டுக்கிறாங்க பெரிம்மா. டிகிரி இருக்குதில்ல" என்றான்.

தனக்காகச் சொல்கிறான் என்று புரிந்தது. பாவம், நேற்றுவரை அறியாமல் சொன்னவன், இன்றைக்குத் தெரிந்தே பொய் சொல்கிறான். அவளால் தாங்க முடியவில்லை.

"இல்ல அத்தை. நான் டிகிரி முடிக்கல. ஒரு பரீட்சையில ஃபெயில். அத எழுதத்தான் போறேன்."

ஆட்டோவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆராயி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இத்தினி வருஷம் கழிச்சுக்கூட எழுத விடுவாங்களா?"

"விடுறாங்க அத்தை."

ஆராயி மற்றவர்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எம் பேத்தி சினேகா பன்னெண்டாவதுல ஃபெயிலாயிட்டா. வெளிய சொல்லல. சோறு தண்ணி இல்லாம கதவ சாத்திக்கினு கெடக்குறா. நீ ஒரு நட வந்து இத அவகிட்ட சொல்றியா?"

"பரீட்சை முடிஞ்சதும் நேரா அங்கதான் வரேன் அத்தை" என்றாள் சந்திரகலா.