மைசூரில் அம்மா ஏறிய படிகள்

எனக்குப் பொறாமை அதிகம். அதுவும் கூடப் பிறந்த தங்கை மேல். அவளை மைசூரில் கட்டிக் கொடுத்தார்கள்; என்னை மலைமேல் ஜெகதளாவில், மூன்று ஏக்கர் தேயிலைக்கும் மழைக்கும். அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருந்தார். மூட்டுவலிக்காரர். மழை பிடித்துவிட்டால் கட்டிலிலிருந்து அடுப்படிக்கு வரவே சுவரைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு மே மாதம், தங்கை கூப்பிட்டாள் என்று அம்மாவைக் கூட்டிப் போனேன். மலையை விட்டு இறங்காதவர்கள் செய்கிற வேலையை நானும் செய்திருந்தேன். பை நிறைய ஸ்வெட்டர், கம்பளி, குல்லா. தங்கை திறந்து பார்த்தாள். "ஏனுங்கக்கா, மகாராசாவுக்குக் குளிருதுன்னு கொண்டாந்தீங்களா?" அம்மாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

அரண்மனையைத் தன் மாமனார் கட்டிய வீடு மாதிரி சுற்றிக் காட்டினாள். வெள்ளிக் கதவுக்கும் தூணுக்கும் அம்மா வாயைப் பிளந்தார். "இத்தனை பெரிய ஊட்டை யாரு கூட்டிப் பெருக்கறது?" என்றேன். இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் ஸ்ரீரங்கப்பட்டணம். கோட்டைச் சுவர் மேலே போகப் படிகள் இருந்தன. அம்மாவும் நானும் கீழே மர நிழலில் உட்காருவோம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா ஏற ஆரம்பித்துவிட்டார். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. மேலே நின்று, ஆற்றைப் பார்த்தபடி தங்கையிடம் சொன்னார்: "இந்த வெய்யிலுக்குக் காலே லேசாயிருச்சு கண்ணு."

பதினொரு வருஷம் அந்தக் காலுக்குத் தைலம் தேய்த்தவள் நான். நல்ல பெயர் வெயிலுக்கு.

ஊர் திரும்பும் நாள் பஸ் ஸ்டாண்டில் தங்கை கேட்டாள். "மழை முடியற வரைக்கும் அம்மா இங்கயே இருக்கட்டுமேக்கா."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். 'இருங்கம்மா' என்று நான் சொல்வதற்குத்தான் காத்திருந்தார். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"கொழுந்து சீசன்ல ஊட்டைப் பாத்துக்க ஆளில்லையே" என்றேன். பொய். அந்த வீட்டில் சோறு வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு நாய்கூட இல்லை.

"அதுவுஞ் சரிதான், நானும் வந்தர்றேன்" என்று அம்மா என் பக்கம் வந்து நின்றார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தங்கை முகத்தைத் திரும்பிக்கூடப் பார்த்தேன்.

அந்த ஆடியில் அம்மா படுத்த படுக்கையானார். பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா, "கொஞ்ச நாளு சின்னவ ஊட்டுல இருந்திருக்கலாமுங்களே" என்றார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

"பெரியவ உடமாட்டாளுங்க. எம்மேல அத்தனை பாசம்" என்றார் அம்மா.

கிண்டலாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்.